செல்லப்பன் லாரிக்கு வைத்த காகிதம்

என் தங்கை புருஷன் செல்லப்பனைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவருடைய பிடரியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எதுவும் புரியவில்லை என்றால் வலது கையால் பிடரியைச் சொறிவார். நாளெல்லாம் ஏதாவது ஒன்று அவருக்குப் புரியாமல் இருக்கும். சந்தையில் மீன் வாங்கினாலும் சொறிவார், சாமி கும்பிடும்போதும் சொறிவார். நான் அப்படியில்லை. அர்ச்சுனன் என்றால் எல்லாம் உடனே புரிந்துவிடுகிற ஆள் என்று தோட்டத்தில் பெயர். அந்தப் பெயர் ஒரு சனி, ஞாயிறில் என்ன ஆயிற்று என்பதையும் இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மறைத்தால் என் தங்கை அங்கம்மா விடமாட்டாள்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், சிகாமட் டவுனிலிருந்து பதினாலு மைல் உள்ளே. செல்லப்பன் ஏழு வயதில் தன் அப்பாவோடு கப்பலேறி வந்தவர். ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், பிறகு மாட்டு வண்டி ஓட்டினார். அப்போது தோட்டத்தை நடத்திய பழைய வெள்ளைக்காரத் துரை லாரி வாங்கியபோது, மாட்டை அடிக்காமல் ஓட்டுகிற ஒரே ஆள் இவன்தான் என்று இவரைப் பிடித்து லாரியில் உட்கார வைத்தார். ஓட்டப் பழக ஆறு மாதம். முதல் மாதம் முழுக்க, மாடு இல்லாமல் வண்டி ஏன் நகர்கிறது என்று பிடரியைச் சொறிந்துகொண்டிருந்தார் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆனால் ஓட்டப் பழகிய பிறகு அந்த லாரியை அவரைப் போலப் பார்த்துக்கொண்டவர் கிடையாது. வாரம் இரண்டு முறை ரப்பர் கட்டுகளை ஏற்றிக்கொண்டு சிகாமட் ரயிலடிக்குப் போவார். மழையோ வெள்ளமோ, ரயிலைத் தவற விட்டதில்லை.

பழைய துரை வேலையை விட்டுச் சீமைக்குப் போகும்போது செல்லப்பனைக் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். தடித்த வெள்ளைக் காகிதம், இங்கிலீஷில் எழுதியது. எங்கள் இருவருக்கும் படிக்கத் தெரியாது. ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி ராஜசேகரன் படித்துச் சொன்னார்: செல்லப்பன் என்பவன் யோக்கியன், குடிக்காதவன், இவன் கையில் லாரி ஒருநாளும் ரயிலைத் தவறவிட்டதில்லை. மேலே இவர் பெயர், கீழே துரையின் கையெழுத்து. அங்கம்மா அதை மடிக்க விடவில்லை. மடித்தால் எழுத்து போய்விடுமாம். ஒரு தகரக் குழாயில் சுருட்டிப் போட்டு, இரு முனையையும் துணியால் அடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

அப்புறம் வந்ததுதான் கெட்ட காலம். ரப்பர் விலை அடியோடு சாய்ந்தது. எங்கள் ஸ்டோரில் புகை போட்டு உலர்த்திய ஷீட்டுகள் அடுக்கி வைக்க இடமில்லாமல் கிடந்தன. பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களைப் பட்டியல் போட்டு ரயிலேற்றி, நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றினார்கள். ஊரில் நிலம், வீடு என்று ஏதாவது இருந்தவர்கள் போனார்கள், இல்லாதவர்களும் போனார்கள். எங்கள் தோட்டத்துக்கும் புதுத் துரை ஒருவர் வந்தார். ஒல்லி ஆள். சிரித்து யாரும் பார்க்கவில்லை. கையில் எப்போதும் ஒரு பென்சில்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் புதுத் துரை பங்களா வாசலில் லாரியை நிறுத்தச் சொல்லி, குனிந்து அடியில் பார்த்தார். வெள்ளைச் சரளைக் கல்லில் கறுப்பாக எண்ணெய்ச் சொட்டு.

"என்ன செல்லப்பன்? லாரி அழுவுதா?" என்றார். துரைமார் பேசுகிற தமிழ் அப்படித்தான் இருக்கும்.

"முன்னால டைமிங் மூடிகிட்ட கசியுதுங்க துரை. பேக்கிங் போயிருச்சு போல."

"எண்ணெய் காசு. காசு கீழே போவுது. திங்கக்கிழமை லோடு இருக்கு. திங்கக்கிழமையும் அழுதா லாரியை வித்துடுவேன். மாட்டு வண்டி போதும். லாரி இல்லேன்னா டிரைவர் எதுக்கு?"

டிரைவர் எதுக்கு என்றால் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். பட்டியல். அன்றைக்கே ஆபீஸ் பலகையில் இன்னொரு செய்தியும் ஒட்டியிருந்தார்கள். பழைய துரைமார் கொடுத்த கடிதம் வைத்திருப்பவர்கள் புதன்கிழமை ஆபீசில் கொண்டுவந்து காட்டலாம், வியாழக்கிழமை காலைப் பெரட்டில் பட்டியல் வாசிக்கப்படும். பெரட்டு என்பது எங்களைக் கிழக்கு வெளுக்குமுன் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடம்.

வெள்ளி சாயங்காலம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அங்கம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நாங்கள் பிறந்தது இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில். எங்கள் அப்பாவையும் அம்மாவையும் ஐந்தாம் நம்பர் மலைக்குப் பின்னால்தான் புதைத்திருக்கிறோம்.

"நாகப்பட்டினத்துல எறங்கி நான் எந்தப் பக்கம் போவேன் அண்ணே? கெழக்கயா, மேக்கயா?" என்று கேட்டாள்.

"அழாதே. ஒரு பேக்கிங்தானே. நாளைக்கு மத்தியானம் மாப்பிள்ளையும் நானும் மாத்திப்புடுறோம். நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

அந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது.

சனிக்கிழமை பால் வெட்டு முடிந்ததும் லாரியைச் செல்லப்பன் வீட்டுக்கு முன்னால் பலா மரத்தடியில் நிறுத்தினோம். ரேடியேட்டர் தண்ணீரை வடித்து அதைக் கழற்றினோம். இஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டில் மாட்டும் இடத்து நட்டு இறுகிக் கிடந்தது. அதை விடுவிப்பதற்குள் எனக்கு முதுகு போய்விட்டது. பிறகு மூடியைச் சுற்றி பதினொரு போல்ட்டு. செல்லப்பன் ஒவ்வொன்றையும் கழற்றிக் கோணிச் சாக்கின் மேல், அது இருந்த இடத்தின்படியே வட்டமாக அடுக்கினார். கடைசியில் மூடி கையோடு வந்தது. சுரைக்காய் மாதிரி ஒரு வடிவம், மேலே குறுகி கீழே பருத்து. உள்ளே இரண்டு பல்சக்கரங்கள் எண்ணெயில் பளபளத்தன.

"பல்லுல புள்ளி வெச்சிருக்கான் பாருங்க மச்சான். அதைத் தொடக்கூடாது. தொட்டா லாரி ஓடாது," என்றார்.

"எதுக்குப் புள்ளி?"

பிடரிக்குக் கை போயிற்று. "தெரியல. ஆனா தொடக்கூடாது."

மூடிக்கும் இஞ்சினுக்கும் இடையில் எண்ணெய் கசியாமல் வைத்திருந்த பழைய பேக்கிங், மூடியின் விளிம்பில் தூள்தூளாக ஒட்டியிருந்தது. செல்லப்பன் கத்தியால் சுரண்டி, ஒரு துணுக்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், முகர்ந்தார், கடித்தும் பார்த்தார்.

"மச்சான், இது காகிதம்."

நான் வாங்கிப் பார்த்தேன். காகிதம்தான். எண்ணெயில் ஊறிப் பழுப்பாகிப் போன தடித்த காகிதம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"அடப் பாவிகளா! எண்ணெய் தடுக்கக் காகிதமா? பலகாரம் மடிக்கிற காகிதத்துல எண்ணெய் எறங்குறதைப் பார்த்ததில்லையா நீங்க? எவனோ டவுன்ல லாரியைப் பிரிச்சப்போ நல்ல பேக்கிங்கை எடுத்துக்கிட்டு காகிதத்தைத் திணிச்சு ஏமாத்தியிருக்கான்!"

"லாரி வாங்கி ஆறு வருசமா யாரும் பிரிக்கலையே மச்சான்."

"அப்போ கம்பெனிக்காரனே ஏமாத்தியிருக்கான்."

செல்லப்பனுக்கு அது புரியவில்லை. காகிதம் ஆறு வருஷம் எண்ணெயைப் பிடித்துவைத்ததா, இல்லை ஆறு வருஷமாக ஏமாந்திருக்கிறோமா? இதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நேரத்தை வீணாக்கவில்லை. நேரே ஸ்டோருக்கு ஓடினேன்.

எங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரப்பர் தோட்டத்து ஆட்களுக்கு எது ஒழுகினாலும் ரப்பர்தான். வாளி ஓட்டையா, ரப்பர் பாலை ஊற்றிக் காயவிடு. கூரை ஒழுகுதா, மரத்தில் உறைந்து கிடக்கிற ஒட்டுப்பாலைத் திணி. குடை, செருப்பு, தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம். நான் காலில் முள் குத்திய இடத்திலும் பால் வைத்துக் கட்டியிருக்கிறேன். மழைக்காலத்தில் சிகாமட் ஆறு பெருகி வந்தபோதுகூட எங்கள் ஸ்டோர்க் கதவிடுக்கில் நான் வைத்த ரப்பரைத் தாண்டி ஒரு சொட்டு வரவில்லை. உலகமே எங்கள் ரப்பரை வைத்துத்தான் ஓடுகிறது, லாரிச் சக்கரம் உட்பட. அப்படிப்பட்ட ஊரில் லாரிக்குக் காகிதமா?

கழிவில் போட்டிருந்த ஷீட்டில் மெல்லியதாக ஒன்றைப் பார்த்துக் கிராணியாரிடம் சொல்லிவிட்டு எடுத்து வந்தேன். அங்கம்மா அப்போது வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, எண்ணெய்க்கு ரப்பர் ஆகுமா? மண்ணெண்ணெய்ப் போத்தலுக்கு ஒட்டுப்பால் வெச்சு அடைச்சேனே, அப்போ..."

"நீ சும்மா இரு. இது இஞ்சின் விஷயம்," என்றேன்.

மூடியின் அளவுக்கு ஷீட்டை வெட்டினேன். போல்ட்டு போகிற இடத்தில் ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டேன். வேலை என்றால் அதுதான் வேலை, என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. மூடியை வைத்து இறுக்கியபோது ரப்பர் விளிம்பில் மெத்தென்று பிதுங்கி உட்கார்ந்தது. ரேடியேட்டரை மாட்டித் தண்ணீர் ஊற்றி, ஹேண்டிலைச் சுற்றினோம். லாரி கிளம்பியது. நான் தரையில் படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை!

"என்ன மாப்பிள்ளை? காகிதமா ரப்பரா?"

செல்லப்பன் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்தது எனக்கே சந்தோஷமாக இருந்தது. பிறகு கோணிச் சாக்கை உதறினார். டங் என்று ஒரு சத்தம். உள்ளங்கை அளவு ஒரு தகட்டு வளையம் கல்லில் விழுந்து உருண்டது.

இருவரும் அதைப் பார்த்தோம்.

"இது எங்க இருந்துச்சு?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே கழட்டினீங்க."

"நான் போல்ட்டைத்தான் கழட்டினேன். இதை நான் பார்க்கவே இல்லையே." வலது கை பிடரிக்குப் போயிற்று.

"கம்பெனிக்காரன் மிச்சத்துக்குக் கூட ஒண்ணு போட்டிருப்பான். வண்டிதான் ஓடுதே!"

ராத்திரி அவர் தூங்கவில்லையாம். காலையில் அங்கம்மா சொன்னாள். தகட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, புரட்டிப் புரட்டிப் பார்த்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் என்னை அழைத்துவர ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் லாரிக்கு அடியில் குளம். முன்பு சொட்டியது இப்போது ஒழுகுகிறது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"தகடுதான் மாப்பிள்ளை! அதைப் போடாம விட்டதுதான் கோளாறு," என்றேன். பழியை ரப்பர் மேல் போட எனக்கு மனசு வரவில்லை.

மறுபடி ரேடியேட்டர், மறுபடி நட்டு, மறுபடி பதினொரு போல்ட்டு. மூடியை எடுத்தால் என் ரப்பர் வழவழவென்று ஊதி, அல்வா மாதிரி கையில் ஒட்டியது. விளிம்பெல்லாம் பிதுங்கி வெளியே வந்து கிடந்தது. நான் அதை அவர் பார்ப்பதற்குள் சுரண்டி எறிந்துவிட்டேன். எறியும்போதே உள்ளே ஏதோ சொல்லிற்று. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தகடு எங்கே உட்கார வேண்டும் என்று தேடினோம். கடைசியில் செல்லப்பன்தான் கண்டுபிடித்தார். நடுத்தண்டில் ஒரு வளையம் தேய்ந்திருந்தது, தகட்டின் உள்வட்டமும் அதே அளவு தேய்ந்திருந்தது. எந்தப் பக்கம் முன்னால் வரவேண்டும் என்பதற்குப் அரை மணி நேரம். இப்படி வைத்தார், அப்படி வைத்தார், கண்ணை மூடிக்கொண்டு வைத்தார். தேய்மானம் பார்த்து ஒருவழியாக உட்கார வைத்தார்.

நான் புதிதாக ஒரு ரப்பர் வெட்டினேன். இந்த முறை இரண்டு மடங்கு தடிமன்.

மத்தியானத்துக்குள் அதுவும் ஒழுகிற்று.

நான் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீர் தடுக்கிற ரப்பர், ஆற்றைத் தடுக்கிற ரப்பர், எண்ணெயிடம் ஏன் இப்படிக் கோழையாகிறது? செல்லப்பன் மறுபடி ஸ்பேனரை எடுத்தார். மூன்றாம் முறையாக மூடியைக் கழற்றினார். இந்த முறை ஊதிப் போன ரப்பரை நான் மறைக்கவில்லை. மறைக்க எனக்குத் தெம்பு இல்லை.

அப்போதுதான் அங்கம்மா உள்ளேயிருந்து மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து எங்கள் முன்னால் டக்கென்று வைத்தாள். வாயை அடைத்திருந்த ஒட்டுப்பால் ஊதி, கொழகொழவென்று கழுத்து வழியே வழிந்திருந்தது.

"இதைத்தான் நேத்து சொல்ல வந்தேன். என்னைச் சும்மா இருன்னு சொன்னாரு எங்கண்ணன். எண்ணெய்னா ரப்பர் கரைஞ்சிடும். நாள் முழுக்க ரப்பர்லயே கெடக்குறவருக்கு இது தெரியலையே!"

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. தங்கையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இவளைக் கப்பலேற்றுவதற்கு நானே கப்பல் கட்டுகிற தச்சன் வேலை பார்த்திருக்கிறேன்!

செல்லப்பன் என்னைத் திட்டவில்லை. முதல் நாள் எடுத்துவைத்திருந்த பழைய காகிதத் துணுக்கை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்தார். அதை அவர் எறியவே இல்லை. விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"ஆறு வருசம் இது தாங்கியிருக்கு மச்சான். எப்படின்னு எனக்குப் புரியல. ஆனா தாங்கியிருக்கு. காகிதம் எடுங்க."

எங்கே இருக்கிறது காகிதம்? முச்சந்திக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் மீரா சாகிபு நல்ல மனுஷன். பழைய தினசரி, சீனி மடிக்கிற காகிதம், சுவரில் தொங்கிய காலண்டர் அட்டை எல்லாவற்றையும் கொடுத்தார். "லாரிக்குச் சீனிக் காகிதமா? அலமாக், என்னா காலம் வந்திருச்சு லா!" என்று மலாய் கலந்து புலம்பித் தலையில் கை வைத்துக்கொண்டார். செல்லப்பன் ஒவ்வொன்றையும் பழைய துணுக்கோடு ஒப்பிட்டு விரலிடுக்கில் தேய்த்தார். தினசரி மெலிசு. சீனிக் காகிதம் எண்ணெய் பட்டதும் நைந்தது. காலண்டர் அட்டை வளைத்தால் உடைந்தது. டவுனுக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும், கடையும் சாத்திவிடுவான். ஆபீசில் நல்ல காகிதம் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கிராணியாரை எழுப்பிக் கேட்டால் அது துரை காதுக்குப் போகாமல் இருக்குமா?

கை போயிற்று பிடரிக்கு. கொஞ்ச நேரம் சொறிந்தார். பிறகு எழுந்து வீட்டுக்குள் போய், பெட்டியைத் திறந்து, தகரக் குழாயை எடுத்து வந்தார்.

நான் கத்தினேன். "மாப்பிள்ளை! உங்களுக்குப் புத்தி இருக்கா? புதன்கிழமை அதைத்தானே காட்டணும்! உங்களைக் காப்பாத்த இருக்குறது அது ஒண்ணுதானே! அதைக் கிழிச்சுப்புட்டு வெறுங்கையோட போயி நிப்பீங்களா?"

அவர் கடிதத்தைச் சுருள் பிரித்து, ஓரத்தை விரலிடுக்கில் தேய்த்தார். பழைய துணுக்கைத் தேய்த்தார். மறுபடி கடிதம். மறுபடி துணுக்கு. அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"இதே தடிமன் மச்சான். மடிப்பு இல்லை, சுருக்கம் இல்லை." பிறகு என்னைப் பார்த்தார். "திங்கக்கிழமை லாரி போகலைன்னா எனக்குப் புதன்கிழமை எங்கேருந்து வரும்?"

அவர் சொல்வது சரி என்று நான் தலையாட்டினேன். வாழ்நாளில் முதல் தடவை.

நாங்கள் இருவரும் அங்கம்மாவைப் பார்த்தோம். அந்தக் கடிதத்தை இத்தனை நாள் மடிக்கக்கூட விடாதவள் அவள்தான். அவள் குழாயை வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்தாள், வேறு ஏதாவது இருக்கும் என்பது போல. பிறகு சட்டி அடியிலிருந்து கரியை வழித்து எண்ணெயில் குழைத்து, மூடி விளிம்பில் தன் விரலால் தடவினாள். "அழுத்துங்க. தடம் விழும். அளவு சரியா வரும்," என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

கடிதத்தின் மேல் மூடியை வைத்து அழுத்தினார். கறுப்பாகச் சுரைக்காய் வடிவத்தில் தடம் விழுந்தது. மேல் விளிம்பு சரியாகச் செல்லப்பன் என்ற பெயரின் மேல், கீழ் விளிம்பு பழைய துரையின் கையெழுத்தின் மேல். கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தார், கீழே தள்ளிப் பார்த்தார். காகிதம் அவ்வளவுதான் இருந்தது. எப்படி வைத்தாலும் பெயரும் கையெழுத்தும் விளிம்புக்குள்தான் போகும்.

அங்கம்மா கத்தரிக்கோலை நீட்டினாள்.

வெளிப்புறம் வெட்டினார், உட்புறம் வெட்டினார். விளிம்புப் பட்டை தனியாக, நடுவில் இருந்த சுரைக்காய்த் துண்டு தனியாக வந்தது. போல்ட்டு ஓட்டைகளை மூடியின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி எடுத்தார். இரு பக்கமும் மெல்லக் கிரீஸ் தடவி, தகட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்து, மூடியை வைத்தார். போல்ட்டுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். சாயங்காலம் லாரி கிளம்பியது. நான் தரையில் படுக்கவில்லை. படுத்துப் பார்க்கத் தைரியம் இல்லை. அவரே படுத்துப் பார்த்து, படுத்தபடியே கையை வெளியே நீட்டி, இல்லை என்று ஆட்டினார்.

திங்கட்கிழமை லோடு ஏற்றிய பிறகு துரை வந்தார். லாரிக்கு அடியில் ஒரு மை ஒற்றும் தாளை விரிக்கச் சொன்னார். இஞ்சினை ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நிமிஷம். நான் ஸ்டோர்க் கதவுக்குப் பின்னால் நின்று எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். தாளை எடுத்துப் பார்த்தார். தூசிதான் இருந்தது. "ஹூம்," என்றார். லாரி ரயிலைப் பிடித்தது.

புதன்கிழமை செல்லப்பன் ஆபீசுக்குப் போனார். கையில் அந்த நடுத்துண்டு. ஓரமெல்லாம் சட்டிக்கரி, நடுவில் கிரீஸ் விரல் பதிந்த இங்கிலீஷ் எழுத்து. நானும் கூடப் போனேன். கிராணி ராஜசேகரன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னய்யா இது, சுரைக்காய் மாதிரி? யோக்கியன்னு இருக்கு, ரயிலைத் தவறவிட்டதில்லைன்னு இருக்கு. யாரு? யாரு சொன்னது? பேரும் இல்லை, கையெழுத்தும் இல்லையே!"

"உள்ளே இருக்குங்க," என்றார் செல்லப்பன்.

"எதுக்குள்ளே?"

"லாரிக்குள்ளே."

உள் அறையிலிருந்து துரை வெளியே வந்தார். கிராணி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை செல்லப்பனைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். வெளியே நடந்து லாரியின் முன்பக்கத்தைத் திறக்கச் சொன்னார். ரேடியேட்டருக்குப் பின்னால் குனிந்து, அந்தத் துண்டை மூடிக்கு நேரே பிடித்தார். வடிவம் அப்படியே பொருந்திற்று. மூடி ஓரத்தில் காகிதம் ஒரு மயிரிழை வெளியே தெரிந்தது. துரை அதை நகத்தால் தொட்டார். பிறகு துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எங்கள் இருவருக்கும் ஒன்றுமே புரியவில்லை. இருந்த அந்தத் துண்டும் போயிற்றே என்றுதான் எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அங்கம்மா மூட்டை கட்டிவிட்டிருந்தாள். துணி, சாமி படம், உலைப்பானை எல்லாம் ஒரே போர்வையில். அன்றைக்குச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்துதான் போயிற்று.

வியாழக்கிழமை பெரட்டு. கிராணி அரிக்கன் விளக்கைப் பிடித்துக்கொண்டு முப்பத்தொரு பெயர் வாசித்தார். பக்கத்து வீட்டு வெள்ளையம்மா அக்கா குடும்பம் முழுவதும் பட்டியலில் போயிற்று. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. என் பெயர் வரவில்லை. என்னைப் பட்டியலில் போட மறந்துவிட்டார்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். செல்லப்பன் பெயரும் வரவில்லை.

எல்லோரும் கலைந்தார்கள். செல்லப்பன் மட்டும் நகரவில்லை. கை பிடரியில். பிறகு நேரே கிராணியிடம் போய், "ஐயா, என் பேரு விட்டுப் போச்சுங்களா?" என்று கேட்டார்.

எனக்கு அவர் வாயைப் பொத்தலாமா என்று வந்தது. உலகத்தில் எவனாவது இதைக் கேட்பானா?

கிராணி சிரிக்கவில்லை. மேசையைத் திறந்து ஒரு முழுத் தாளை எடுத்துக் கொடுத்தார். நல்ல தடித்த தாள். நடுவில் அந்தச் சுரைக்காய்த் துண்டு, கரியும் கிரீசுமாக, அப்படியே ஒட்டியிருந்தது. அதற்கு மேலே, வெட்டுப்பட்ட இடத்தில், புது மையில் ஒரு வரி. கீழே ஒரு கையெழுத்து.

"மேலே செல்லப்பன்னு உம்ம பேரு எழுதியிருக்கு. கீழே நம்ம துரை கையெழுத்து," என்றார் கிராணி. "நேத்து சாயங்காலம் அவரே பசை தடவி ஒட்டினாரு. நான் ஒட்டுறேன்னு சொன்னேன், விடலை."

செல்லப்பன் அதை இரு கையாலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். அங்கம்மா மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். அவர் தாளை நீட்டினார். நான்தான் சொன்னேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை, பிறகு விளங்கிவிட்டது. தாளை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தாள். செல்லப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இனிமே எப்பயாச்சும் ஒழுகினா என்ன செய்யுறது?"

"எங்கண்ணன் தோலை உரிச்சு வெச்சுக்குங்க. இதைத் தொட்டீங்க, நடக்குறதே வேற!"

தாளைச் சுருட்டித் தகரக் குழாயில் போட்டாள். இரு முனையையும் துணியால் அடைத்தாள். பிறகு மூட்டையை அவிழ்த்து, உலைப்பானையை எடுத்து அடுப்பில் வைத்தாள்.